வாலைத் தேடுற குதிரை

கிளெனிஸ் மூணாவது தடவையா அடுத்தவங்க படகுல ஏறி டீ போட்டது ஒரு செவ்வாய்க்கிழமை.

கடையில ரொட்டியும் வெண்ணெயும் வாங்கிட்டு, பாலத்துப் படியில இறங்கி, கால்வாய்க் கரையோரமா படகுகளை எண்ணிக்கிட்டே வந்தாங்க. பாலத்துல இருந்து பதினஞ்சாவது படகுதான் அவங்க குடியிருக்கற வீடு. பதினஞ்சு வந்ததும் ஏறிட்டாங்க. கதவு சும்மா சாத்தியிருந்துச்சு, பகல்ல அங்க யாரும் பூட்டுறதில்ல. உள்ள இறங்கினா இடது பக்கம் கரி அடுப்பு, அதைத் தாண்டி மடக்கு மேசை, அதுக்கப்புறம் சமையல் மேடை. எல்லாம் இருக்க வேண்டிய இடத்துல இருந்துச்சு. ஏழடி அகலப் படகுல வேற எங்கதான் வைக்க முடியும்? குளிக்கிற அறையில தண்ணி சத்தம் கேட்டுச்சு.

"இன்னுமா குளிக்கிற மெர்வின்? மணி பதினொண்ணு."

உள்ள இருந்து "ம்"னு ஒரு சத்தம்.

"நேத்து பொண்ணு போன் பண்ணினப்ப வெதர் ரிப்போர்ட் படிச்சு காட்டிட்டு வெச்சுட்டியே, அதுக்குப் பேரு பேச்சா?"

"ம்."

"அந்தச் சாம்பல் பனியனைத் துவைக்கப் போடு. அது தனியா எழுந்து நடந்து போற நிலைமைக்கு வந்துருச்சு."

"ம்."

நாலு உருளைக்கிழங்கு தோல் சீவி பானையில போட்டாச்சு. டீ போட்டாச்சு. ஒரு கப்பைத் தான் குடிச்சுக்கிட்டு, இன்னொண்ணை குளியலறைக் கதவுக்கு வெளிய வெச்சு, "ஆறிடப் போகுது"ன்னாங்க. அப்பத்தான் வெளிய கரையில மெர்வின் குரல் கேட்டுச்சு. "கிளெனிஸ், கிளெனிஸ்"னு தேடிக்கிட்டே போறாரு.

கிளெனிஸ் கையில இருந்த கப்பைத் தடவிப் பாத்தாங்க. கைப்பிடி வட்டமா இருந்துச்சு. அவங்க வீட்டுக் கப்புக்குக் கைப்பிடி சதுரம்.

"உள்ள யாருங்க?"

"லெஸ்லி"ன்னு குளியலறை மெதுவா சொல்லிச்சு.

லெஸ்லி தபால்காரரா இருந்து ரிட்டயர்டானவர், தனிக்கட்டை. துண்டு வெளிய கொக்கியில தொங்கினதால நாப்பது நிமிஷம் ஆறிப்போன தண்ணிக்குள்ள உக்காந்திருந்திருக்காரு. அப்புறம் மெர்வின் வந்து மன்னிப்பு கேட்டப்ப, "அவங்க பேசுறதுக்கு நடுவுல குறுக்க பேச மனசு வரல. என்னை யாராவது திட்டி ஆறு வருஷம் ஆகுது"ன்னாரு. உருளைக்கிழங்குக்கு நன்றியும் சொன்னாரு.

கிளெனிஸ் ஒண்ணுதான் சொன்னாங்க. "இவ்வளவு மரியாதையா ‘ம்’ சொல்றானேன்னு எனக்கு அப்பவே சந்தேகம்."

தப்பு கிளெனிஸோட கணக்குல இல்ல. அன்னைக்குக் காலையில வாடகைப் படகு ஒண்ணு, ஒரு நாளைக்கு மட்டும், நடுவுல வந்து கட்டிக்கிச்சு. அதனால பதினாலாவதா இருந்த லெஸ்லி படகு பதினஞ்சாவதா ஆயிடுச்சு. கால்வாய்ல விலாசம்ங்கிறது அப்படித்தான். ஒருத்தன் தண்ணி பிடிக்கப் போவான், ஒருத்தன் கழிவுத் தொட்டி காலி பண்ணப் போவான், திரும்பி வரும்போது வேற வரிசை. லெஸ்லி படகும் கரும்பச்சை, மெர்வின் படகு ‘மார்த்தா’வும் கரும்பச்சை. அந்த வரிசையில இருந்த இருபத்திரண்டு படகுல பதினொண்ணு கரும்பச்சை.

கிளெனிஸுக்குப் பார்வையில நடுப்பகுதி போயிடுச்சு. மூக்குக்கண்ணாடியில யாரோ கட்டைவிரலை அழுத்தி வெச்ச மாதிரி, எதை நேராப் பாக்குறாங்களோ அது மட்டும் மங்கல். ஓரத்துல இருக்கறது தெரியும். அசையுறது நல்லா தெரியும். மஞ்சள் நிறம் மட்டும் ஓரளவுக்குப் பிடிபடும்னு டாக்டர் சொல்லியிருந்தாரு.

அன்னைக்குச் சாயங்காலமே கார்டிஃப்ல இருந்து மகள் ரீயன் போன் பண்ணினா. யாரோ அதுக்குள்ள சொல்லிட்டாங்க.

"அப்பா, எங்க தெருவுலயே வயசானவங்களுக்கான ஃப்ளாட் ஒண்ணு காலியாகுது. தரைத்தளம். கூப்பிட மணி இருக்கு, கைப்பிடி இருக்கு. நான் திங்கக்கிழமை அவங்களுக்குப் பதில் சொல்லியாகணும். ஞாயித்துக்கிழமை நானே வரேன்."

"ஜன்னல்ல என்ன தெரியும்?"

"கார் நிறுத்துற இடம்."

கிளெனிஸ் போனை வாங்கிக்கிட்டாங்க.

"இங்க பாரு ரீயன். ஞாயித்துக்கிழமை நீ வா. நான் பாலத்துல இருந்து என் படகுக்குத் தனியா நடந்து வரேன். யாரும் கையைப் பிடிக்கக் கூடாது, யாரும் சொல்லித் தரக் கூடாது. சரியா வந்துட்டேன்னா நாங்க இங்க. வேற எவன் படகுலயாவது ஏறிட்டேன்னா, நானே பெட்டியைக் கட்டுறேன். வாசல் எதுன்னு தெரியாத வீட்டுல இருந்து என்ன பிரயோஜனம்?"

போனை வெச்சுட்டு மெர்வின் பக்கம் திரும்பினாங்க. நேரா இல்ல, கொஞ்சம் ஓரமா. அப்படிப் பாத்தாத்தான் அவர் முகம் தெரியும்.

"பெருசா, ஆடுற மாதிரி, வேற எந்தப் படகுலயும் இல்லாதது ஒண்ணு வேணும் எனக்கு. அது என்னன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

தெரியும். மெர்வினால அந்த வார்த்தையைச் சொல்ல முடியல, அவ்வளவுதான்.

மெர்வின் முப்பது வருஷம் பஸ்ஸுல டிக்கெட் பரிசோதகரா இருந்தவர். அவருக்குக் கொடின்னாலே ஆகாது. "கொடி கடலுக்கு. மணிக்கு மூணு மைல் போற படகு எந்த நாட்டைப் பிடிக்கப் போகுது?"ம்பாரு. அந்தக் காலத்துல கரி ஏத்தின படகுல எவனும் கொடி கட்டல, அதனால இப்பவும் கட்டக் கூடாது. அந்த வரிசையில ரெண்டு வருஷத்துக்கு முன்னால நாலு பிரிட்டிஷ் கொடி பறந்துச்சு. அதுல ஒண்ணு தேசபக்திக்கு, ஒண்ணு கூரையில இருக்கற துருவை மறைக்க, மத்த ரெண்டும் படகோட சேர்ந்து வந்தது. கப்பல் படையில சமையல்காரரா இருந்த ஒருத்தர், படகுக்குப் பின்னால, மூலையில பிரிட்டிஷ் கொடி வெச்ச சிவப்புக் கொடிதான் கட்டணும், மத்ததெல்லாம் சட்டப்படி தப்புன்னு போறவன் வர்றவனைப் பிடிச்சு வெச்சுச் சொல்லுவாரு. மண்டையோடு போட்ட கொள்ளைக்காரக் கொடி மூணு. அதுல ஒண்ணு ஒரு ரிட்டயர்டான பல் டாக்டரோடது, அவரு கட்டினதுல மட்டும் ஒரு நியாயம் இருக்குன்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க.

இது எல்லாத்துக்கும் மேல டக்கி. டி-ஷர்ட்டுல படம் அச்சடிக்கிற தொழில். அவன் படகு இருபதாவது. ஒரு பெட்டி நிறைய கொடி வெச்சிருந்தான், தினத்துக்கு ஒண்ணு. திங்கக்கிழமை வாழைப்பழம், செவ்வாய்க்கிழமை கண்ணாடி போட்ட கொக்கு, புதன்கிழமை யாருமே கேள்விப்படாத ஏதோ ஒரு தீவோட தேசியக் கொடி.

மெர்வின் படகுல அலங்காரம்னு ஒண்ணே ஒண்ணுதான். சுக்கான்ல ஒரு குதிரை வால். நிஜமான குதிரை வால். கரையோரமா நடந்து குதிரை படகை இழுத்த காலத்துல, செத்துப்போன நல்ல குதிரையோட வாலை சுக்கான்ல கட்டித் தொங்கவிடுவாங்க. மெர்வின் அதை நல்ல விலை கொடுத்து வாங்கி, வாரா வாரம் ஷாம்பு போட்டு, சீப்பு வெச்சு வாரி விடுவாரு. அவர் தலையில முடி போய் இருபது வருஷம் ஆகுது.

டக்கி ஒரு நாள் அந்தப் பக்கம் போகும்போது நின்னான்.

"தலைவரே, ஒரு சந்தேகம். மீதிக் குதிரை எங்க?"

மெர்வின் அப்போ படகுக்காரங்க சங்கத்துக்குத் தலைவர். "இது மரபு. உன் வாழைப்பழம் மாதிரி கூத்து இல்ல"ன்னாரு.

"என்னுது துணி தலைவரே. உங்களுது குதிரையோட பின்பக்கம்."

அடுத்த சனிக்கிழமை டக்கி படகுல ஒரு புதுக் கொடி ஏறிச்சு. நாலடி அகலம். கண்ணைக் குத்துற மஞ்சள். நடுவுல கன்னங்கரேல்னு ஒரு குதிரையோட பின்பக்கம், வால் இல்லாம. குதிரை கழுத்தைத் திருப்பி, வால் இருக்க வேண்டிய இடத்தைப் பாத்து முழிச்சுக்கிட்டு நிக்குது. பாலத்து மேல போற சைக்கிள்காரன் எல்லாம் நிறுத்தி, முதல்ல கொடியைப் பாப்பான், அப்புறம் மெர்வின் சுக்கானைப் பாப்பான், அப்புறம் சிரிப்பான்.

ரெண்டே வாரத்துல சங்கத்துல ஒன்பதாவது விதி வந்துச்சு. ‘படகுகளில் கொடி, தோரணம் மற்றும் காற்றில் ஆடும் எவ்விதத் துணியும் கட்டக் கூடாது. துவைத்து ஈரமாகக் காயப் போட்ட துணி நீங்கலாக.’ பன்னிரண்டுக்குப் பத்துன்னு ஓட்டுல ஜெயிச்சுச்சு. அந்தக் கடைசி வரியைச் சேத்தது மெர்வினேதான். நியாயமான மனுஷன்னு பேர் வாங்கணும்னு ஆசை.

மறுநாள் காலையில டக்கி படகுக் கூரையில துணி காயப் போடுற கம்பி நின்னுச்சு. அதுல வாழைப்பழக் கொடி, ரெண்டு கிளிப்பு மாட்டி. மெர்வின் போய்த் தொட்டுப் பாத்தாரு. ஈரமா இருந்துச்சு. டக்கி பக்கத்துல பூப்போட்ட தண்ணிக் குவளையோட நின்னான்.

"துவைச்சேன் தலைவரே."

அன்னையில இருந்து ரெண்டு வருஷமா ஊரே கொடியைத் துவைச்சுக்கிட்டு இருந்துச்சு. குதிரைக் கொடியை மட்டும் டக்கி மறுபடி ஏத்தவே இல்ல. ஏன்னு யாரும் கேக்கல.

இதெல்லாம் தெரிஞ்சுதான் கிளெனிஸ் அப்படிச் சொன்னாங்க. மெர்வின் மறுநாள் காலையில இருந்து கொடியைத் தவிர மத்த எல்லாத்தையும் செஞ்சு பாத்தாரு.

முதல்ல பித்தளை. புகைபோக்கியில இருந்த மூணு வளையத்தையும் கை வலிக்கத் தேய்ச்சாரு. வெயில் பட்டா தீப்பிடிச்ச மாதிரி மின்னும். அன்னைக்கு வெயில் நாலு நிமிஷம் அடிச்சுது. அந்த நாலு நிமிஷத்துல கிளெனிஸ் நேரா நடந்து போய், அதே மாதிரி மின்னின குப்பைத் தொட்டி மூடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க.

அப்புறம் கூரை மேல சிவப்புப் பூச்செடி வெச்சாரு. ஒன்பது படகுல அதே செடி இருந்துச்சு.

மூணாவது, மணி. படகு முனையில நின்னுக்கிட்டு கணகணன்னு அடிச்சாரு. கிளெனிஸ் சரியா வந்து சேந்தாங்க. கூடவே ஐஸ் வண்டின்னு நினைச்சு ரெண்டு குடும்பமும் வந்துச்சு.

"பாத்தியா, வந்துட்ட"ன்னாரு மெர்வின்.

"மணி அடிக்கணும்னா நீ இங்க நிக்கணும். நீ நின்னா மணி எதுக்கு, கையைப் பிடிச்சே கூட்டிட்டுப் போயிடலாமே. அதைத்தான் வேண்டாம்ங்கிறேன்." செருப்பைக் கழட்டிட்டு உள்ள போனவங்க, திரும்பி எட்டிப் பாத்தாங்க. "வியாழக்கிழமை ஆயிடுச்சு மெர்வின். எனக்கு கார் நிறுத்துற இடம் பாக்க இஷ்டமில்ல."

மெர்வின் கொஞ்ச நேரம் சுக்கான் பக்கத்துல நின்னாரு. குதிரை வாலை ஒரு தடவை தடவி விட்டாரு. அப்புறம் அஞ்சு படகு தாண்டி நடந்து போய் டக்கி படகைத் தட்டினாரு.

டக்கி கதவைத் திறந்து, பாத்து, மறுபடி சாத்தப் போனான். "சத்தியமா ஈரமா இருக்கு தலைவரே. வேணும்னா பிழிஞ்சு பாத்துக்கங்க."

"அதுக்கு வரல. எனக்கு ஒரு… இரவல் வேணும்."

"என்ன இரவல்? ஸ்பேனரா?"

"இல்ல."

"சர்க்கரையா?"

"உனக்குத் தெரியும்டா."

"எனக்குத் தெரியாது தலைவரே. வாயால சொல்லுங்க."

மெர்வின் கால்வாய்ல போற வாத்தைப் பாத்துக்கிட்டே சொன்னாரு. "கொடி."

டக்கி சிரிப்பான்னு எதிர்பாத்தாரு. அவன் சிரிக்கல. "கிளெனிஸ் அக்காவுக்கா?"ன்னு மட்டும் கேட்டுட்டு, உள்ள போய்ப் பெட்டியைத் தூக்கிட்டு வந்தான்.

கிளெனிஸைப் பாலத்தடியில நிறுத்திட்டு, மார்த்தா கூரையில கம்பி நட்டு, ஒண்ணொண்ணா ஏத்திப் பாத்தாங்க. நடுவுல லெஸ்லி நின்னு, அவங்க சொல்றதைக் கேட்டு இந்தப் பக்கம் கத்திச் சொன்னாரு. தபால் கொடுத்த பழக்கம்.

பிரிட்டிஷ் கொடி. "யாரோ கோட்டு தொங்குதுங்கறாங்க."

இங்கிலாந்துக் கொடி, வெள்ளையில சிவப்புச் சிலுவை. "ஒண்ணுமே தெரியல, மேகம்தான் தெரியுதுன்னு சொல்றாங்க."

மெர்வினுக்கு உள்ளுக்குள்ள ஒரு நம்பிக்கை இருந்துச்சு. கொடின்னு ஒண்ணு கட்டியே ஆகணும்னா, கிளெனிஸ் பிறந்த நாட்டுக் கொடியைக் கட்டினோம்னு கௌரவமா சொல்லிக்கலாம். வேல்ஸ் கொடி, வெள்ளையும் பச்சையும், நடுவுல சிவப்பு டிராகன். டக்கி மரியாதையா ஏத்தினான். மெர்வின் தொப்பியைக் கூடக் கழட்டினாரு.

"புல்லு மேல தக்காளி சாஸ் கொட்டியிருக்காங்கறாங்க"ன்னு லெஸ்லி கத்தினாரு.

வாழைப்பழம், கொக்கு, பெயர் தெரியாத தீவு, பீர் கிளாஸ் பிடிச்ச எலும்புக்கூடு, எதுவும் ஆகல. வாழைப்பழம் மஞ்சள்தான், ஆனா நீலத்துணியில இருந்ததால தூரத்துல இருந்து பாத்தா ஒரு கீத்து மாதிரி. பெட்டியோட அடி தெரிஞ்சுது. அங்க மடிச்சு வெச்ச துணி ஒண்ணு கிடந்துச்சு. டக்கி அதைத் தொடல.

"அது என்ன?"ன்னாரு மெர்வின்.

"அது வேண்டாம் தலைவரே."

"எடு."

"அப்ப ஒரு கோவத்துல பண்ணினது. உங்க முகம் அன்னைக்குப் போன போக்கைப் பாத்து எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. தூக்கிப் போடவும் மனசு வரல, நல்லா அச்சு விழுந்திருந்துச்சு."

"டக்கி, எடு."

குதிரைக் கொடி மேல ஏறிச்சு. காத்து பிடிச்சதும் படபடன்னு விரிஞ்சு, கழுத்தைத் திருப்பி வாலைத் தேட ஆரம்பிச்சுது. நேர் கீழ, சுக்கான்ல, ஷாம்பு போட்ட வால் தொங்கிச்சு.

லெஸ்லி கத்துறதுக்கு முன்னாடியே கிளெனிஸ் நடக்க ஆரம்பிச்சிருந்தாங்க. எண்ணல, தடவல, யாரையும் கேக்கல. தலையை லேசா ஒரு பக்கமா சாச்சுக்கிட்டு, சந்தைக்குப் போற வேகத்துல பதினாலு படகைத் தாண்டி வந்து, மார்த்தாவோட கைப்பிடியைப் பிடிச்சாங்க.

"இது தெரியுது"ன்னாங்க. "நல்ல மஞ்சள். நடுவுல கறுப்பா ஏதோ இருக்கே, என்ன அது?"

மெர்வின் டக்கியைப் பாத்தாரு. டக்கி வாத்தைப் பாத்தான்.

"குதிரை"ன்னாரு மெர்வின்.

"குதிரையா? நல்லதா போச்சு. உன் வாலுக்குப் பொருத்தமா இருக்கும்."

மறுநாள் காலையில எட்டு மணிக்கு, மெர்வின் கூரை மேல ஏறி, பூப்போட்ட குவளையில தண்ணி எடுத்து, குதிரையை மேல இருந்து கீழ வரைக்கும் நனைச்சாரு. ஒன்பதாவது விதி இன்னும் இருக்கு, அதை எழுதினவர் அவரு. சைக்கிள்காரங்க நின்னு பாத்துச் சிரிச்சாங்க. மெர்வின் திரும்பவே இல்ல. டக்கி வந்து ஒரு முனையைத் தொட்டுப் பாத்து, "ஈரம் சரியா இருக்கு தலைவரே"ன்னு சொல்லிட்டுப் போனான். வெள்ளி, சனி ரெண்டு நாளும் சேத்து கிளெனிஸ் ஆறு தடவை கடைக்குப் போயிட்டு வந்தாங்க. வீட்டுல ஏழு ரொட்டி இருந்துச்சு.

ஞாயித்துக்கிழமை ரீயன் வர்ற ரயில் பதினோரு மணிக்கு. கிளெனிஸ் போய் ஸ்டேஷன்ல சந்திச்சு, டாக்சியில பாலம் வரைக்கும் கூட வந்து, அங்க இருந்து முன்னால நடக்கணும், ரீயன் இருபது அடி பின்னால வரணும். மெர்வின் படகுக்குள்ள உக்காந்திருக்கணும், மூச்சு விடக் கூடாது. அதுதான் ஏற்பாடு.

பத்தே முக்காலுக்கு டக்கி ஓடி வந்தான். அவன் ஓடி மெர்வின் பாத்ததில்ல.

"தலைவரே, வெளிய வாங்க. மொரீன் மோசம் பண்ணிட்டா."

மொரீன் இப்போதைய சங்கத் தலைவி. நல்ல மனசு, அதுதான் பிரச்சனை. கிளெனிஸோட பொண்ணு வராளாம், ஊரே அவங்க மேல எவ்வளவு பாசமா இருக்குன்னு அவ கண்ணால பாக்கட்டும்னு, பழைய மஞ்சள் மேசைவிரிப்பை எல்லாம் வெட்டி, காலையில வீடு வீடா கொடுத்திருக்கா. மெர்வின் வெளிய வந்து பாத்தாரு. பாலத்துல இருந்து மார்த்தா வரைக்கும் ஏழு படகுல மஞ்சள் ஆடுது. எல்லாம் ஒழுங்கா மாட்டி, ஒழுங்கா நனைச்சு.

"அழகா இருக்குல்ல?"ன்னு மொரீன் கைய ஆட்டினா.

"அவுத்துடு மொரீன்."

"விதிப்படி ஈரமாத்தான் இருக்கு மெர்வின்."

"விதி கிடக்கட்டும். அவளுக்கு வழி காட்டுறதே அந்த ஒரு மஞ்சள்தான். ஏழு இருந்தா முதல்ல வர்றதுல ஏறிடுவா."

மொரீன் வாயில கை வெச்சா. அப்புறம் அவ கத்தின கத்துல கரையில இருந்த வாத்தெல்லாம் எதிர்க்கரைக்குப் போச்சு. ஆளாளுக்குப் பறிச்சாங்க. டக்கி ஒரு பக்கம், மெர்வின் ஒரு பக்கம்.

"தலைவரே, ரெண்டு வருஷத்துல இன்னைக்குத்தான் நாம சேந்து கொடி இறக்குறோம்."

"பேசாம பறி."

பல் டாக்டர் தன் மண்டையோட்டையும் சேத்து இறக்கிக் கொடுத்தாரு, எதுக்கும் இருக்கட்டும்னு. ஆறு இறங்கிடுச்சு. ஏழாவது லெஸ்லி படகு, மார்த்தாவுக்கு ஒரு படகு முன்னால. லெஸ்லி ஞாயித்துக்கிழமை ஆனா பந்து உருட்டி விளையாடப் போயிடுவாரு. அவர் துணியைக் கிளிப்புல மாட்டல, தபால் மூட்டை கட்டுற மாதிரி மூணு முடிச்சு போட்டுக் கூரைக் கம்பியில கட்டியிருந்தாரு.

பாலத்துல டாக்சி வந்து நின்னுச்சு.

மெர்வினுக்கு வயசு எழுபத்தொண்ணு. லெஸ்லி கூரை மேல எப்படி ஏறினாருன்னு அவருக்கே தெரியாது. முதல் முடிச்சு அவிழ்ந்துச்சு. ரெண்டாவதைப் பல்லால இழுத்தாரு. கிளெனிஸ் படி இறங்கி கரைக்கு வந்துட்டாங்க. பின்னால ரீயன். கரையில இருந்தவங்க எல்லாம் சட்டுனு பூச்செடிக்குத் தண்ணி ஊத்துற மாதிரியும், கயித்தைப் பாக்குற மாதிரியும் நின்னாங்க. டக்கி ஆறு மஞ்சள் துணியைச் சட்டைக்குள்ள திணிச்சுக்கிட்டு, எட்டு மாசக் கர்ப்பிணி மாதிரி ஒரு மரத்துக்குப் பின்னால போய் நின்னான்.

மூணாவது முடிச்சு அவிழல.

கிளெனிஸ் எட்டாவது படகைத் தாண்டினாங்க. ஒன்பது. பத்து. தலையை ஒரு பக்கமா சாச்சிருந்தாங்க. பன்னிரண்டாவது படகுகிட்ட அவங்க நடை கொஞ்சம் தயங்கின மாதிரி இருந்துச்சு.

வேற வழி இல்லாம மெர்வின் அந்தத் துணி மேலயே உக்காந்துட்டாரு. ஓரத்தை எல்லாம் சுருட்டித் தொடைக்கடியில வெச்சுக்கிட்டாரு. துணி நல்லா நனைஞ்சிருந்துச்சு. மொரீன் எதையும் அரைகுறையா செய்றவ இல்ல. ஈரம் பேன்ட் வழியா மெதுவா ஏறுச்சு. அவரு அசையல.

கிளெனிஸ் லெஸ்லி படகுக்கு நேரா வந்தாங்க. நின்னாங்க. கூரை மேல ஏதோ உருவம் இருக்கறது ஓரக்கண்ணுல தெரிஞ்சிருக்கும்.

"குட் மார்னிங் லெஸ்லி."

மெர்வின் தொண்டையைக் கனைச்சுக்கிட்டாரு. முடிஞ்ச அளவுக்கு மரியாதையா, "ம்"ன்னாரு.

"குளிக்கலையா இன்னைக்கு?"

"ம்."

கிளெனிஸ் இன்னும் ரெண்டு விநாடி நின்னாங்க. அப்புறம் நடந்தாங்க. குதிரை காத்துல ஒரு தடவை படபடன்னு அடிச்சுது. கைப்பிடியைப் பிடிச்சு, குனிஞ்சு, மார்த்தாவுக்குள்ள இறங்கினாங்க. கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சு.

ரீயன் லெஸ்லி படகுகிட்ட வந்து நின்னு, அப்பாவை அண்ணாந்து பாத்தா. ஈரம் சொட்டுற பேன்ட்டு, அதுக்கடியில எட்டிப் பாக்குற மஞ்சள் ஓரம். மரத்துக்குப் பின்னால வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற ஒரு ஆள். மார்த்தா மேல வாலைத் தேடுற குதிரை.

"அப்பா, அந்தக் கொடியில இருக்கறது என்னன்னு அம்மாவுக்குத் தெரியுமா?"

"குதிரைன்னு தெரியும்."

"எந்தப் பக்கம்னு?"

"அது தெரியணும்னு அவசியம் இல்ல."

உள்ள இருந்து கெட்டில் விசில் அடிக்க ஆரம்பிச்சுது. அதுக்கு மேல கிளெனிஸ் குரல் கேட்டுச்சு.

"ரீயன், உள்ள வா, ஏழு ரொட்டி இருக்கு. அந்த ஃப்ளாட்டுக்காரங்களுக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடு. அப்படியே கூரை மேல உக்காந்திருக்கற லெஸ்லியை இறங்கி வரச் சொல்லு, டீ ஆறிடும். நாப்பத்தெட்டு வருஷமா கேக்குற ‘ம்’ எனக்குத் தெரியாதா? உள்ள வர்றதுக்கு முன்னாடி பேன்ட்டை மாத்தச் சொல்லு. ஈரமா இருந்தா அங்கயே காயப் போடட்டும், விதியில இடம் இருக்கு."